ஒட்டி அனுப்பிய மின்னஞ்சல்

வெருகல்
20.11.2005

என் அன்புப் புஷ்பத்துக்கு,

நீயும் ஆனந்தராசா அண்ணையும் சுகமாக இருக்க எங்கள் ஆற்றங்கரை முருகனை மன்றாடிக்கொண்டு தொடங்குகிறேன். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும். எழுத்துக் கோணலாக இருந்தால் பயப்படாதே.

போன புதன்கிழமை ஈச்சிலம்பற்றில் ஒரு வெளிநாட்டுக் கண் வைத்தியர் குழு வந்து பரிசோதித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன ரீச்சர் நான். அவர்களுக்கெல்லாம் முடிந்த பிறகு கதிரை வெறுமையாகக் கிடந்தது. கண்ணாடியை மாற்றச் சொல்வார்கள், அவ்வளவுதானே என்று நானும் போய் இருந்தேன். அந்தப் பெண் டொக்டர் ஒரு கருவியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு எழும்பிப் போய் மற்ற டொக்டரைக் கூட்டி வந்தார்.

இடக்கண் ஏறக்குறைய முடிந்துவிட்டதாம், புஷ்பம். நாற்பத்தைந்து வயதில், எனக்கே தெரியாமல்! கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுகொண்டிருக்கிறதாம். வலியில்லாமல் தின்னுமாம். வலக்கண்ணில் பாதிதான் மிச்சம். மருந்து விட்டால் கொஞ்சம் தாமதிக்கும்; ஓப்பரேசன் செய்தால் இருப்பதைக் காப்பாற்றலாம்; போனது போனதுதான். "எவ்வளவு காலம் இருக்கு?" என்று கேட்டேன். அவர் விரலை மடக்கி எட்டு மாதம் என்று காட்டினார். பிள்ளைகள் வெளியே சத்தம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தைக்கூட ஒரு கண்ணால்தான் கேட்கிறேனோ என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு நினைப்பு வந்தது.

அந்தக் குழு மே மாதம் கொழும்புக்குத் திரும்பி வந்து இருபத்தைந்து பேருக்கு இலவசமாக ஓப்பரேசன் செய்யுமாம். விண்ணப்பம் எழுதிய தங்கச்சி கேட்டாள்:

"ரீச்சர், உங்கட ஈமெயில் முகவரி?"

"இங்க கரண்டே இல்லைப் பிள்ளை."

"அந்தக் கட்டம் வெறுமையா இருந்தாக் கொம்பியூட்டர் எடுக்காது. தெரிவானவைக்கு ஈமெயிலிலதான் அறிவிப்பினம்."

"தபாலில அறிவிக்க ஏலாதோ?"

எனக்குப் பின்னால் நின்ற மீன்காரக் கதிரவேல், "ஈமெயிலோ? எங்கட ஆத்தில அந்த மீன் படுறேல்லை" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அவர் விண்ணப்பம் எழுதாமலே எழும்பிப் போய்விட்டார். அவருக்கும் என்னுடைய கண் வருத்தம்தான்.

எனக்கு உன் தீபாவளிக் கடிதம் நினைவுக்கு வந்தது. எனக்கும் ஈமெயில் வந்துவிட்டது என்று பெருமையடித்து முகவரியை எழுதியிருந்தாயே. உன்னைக் கேட்காமல் அதைக் கொடுத்துவிட்டேன். குறை நினைக்காதே. என் கண் இப்போது உன்னுடைய முகவரியில் இருக்கிறது.

உன்,
கோணேசு


அன்புவழிபுரம், திருகோணமலை
29.11.2005

கண்ணான கோணேசு,

உன் கடிதத்தைக் கவுண்டரில் வைத்தே படித்தேன். முத்திரை கேட்டு நின்ற மனிதர் கண்ணாடியில் தட்டும்வரை நான் இந்த உலகத்தில் இல்லை. வலியில்லாமல் தின்னும் என்ற அந்த ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன். இருபத்திரண்டு வருடமாகத் தபாற்கந்தோரில் எத்தனையோ பேரின் கெட்ட செய்தியை ஒட்டியபடியே கையில் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஒன்று வந்தபோதுதான் அவர்கள் ஏன் அப்படி வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று விளங்கியது.

முகவரியைக் கொடுத்தது நல்ல காரியம். உள்துறைமுக வீதியில் ஹிஸ்புல்லாவின் கொமினிகேசன் கடை இருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே போய்த்தான் ஈமெயில் பார்க்கிறேன். அவர்தான் திறந்து தருவார், எனக்கு அந்தப் பலகையில் எழுத்தைத் தேடுவதற்கே அரை மணித்தியாலம் போய்விடும். இனி ஒரு சனியும் தவறவிடமாட்டேன். உன் பெயர் போட்டு ஏதும் வந்தால் அச்செடுத்து, உறையில் போட்டு ஒட்டி, சரீப் நானாவிடம் கொடுத்துவிடுவேன். மூதூர் லோஞ்சுப் படகில் போய், அங்கிருந்து பஸ்ஸில் இரண்டே நாளில் உன் கைக்கு வந்துவிடும். தபால் பை உங்கள் பக்கம் வாரத்துக்கு ஒருமுறைதானே. தபாற்கந்தோர்க்காரி மீன் வியாபாரியிடம் கடிதம் கொடுத்துவிடுகிறாள் என்று என் மேலதிகாரி கேள்விப்பட்டால் சிரிப்பாரோ, பென்சனை வெட்டுவாரோ தெரியாது.

ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். உன் பெயருக்கு வருவதில் ஓர் எழுத்தும் நான் வாசிக்கமாட்டேன். நாங்கள் படித்த போடிங் விடுதியில் மேட்ரன் உனக்கு வந்த கடிதத்தை உடைத்துச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் வாசித்ததை நான் மறக்கவில்லை. "எங்கட எருமை கண்டு போட்டிட்டுது, நீர் இஞ்ச இல்லாததுதான் குறை" என்று, உன்னைக் கலியாணம் கட்டுவதற்கு முன், சிவபாதண்ணை எழுதியிருந்தார். நாற்பது பெட்டைகள் சிரித்தோம். நானும் சிரித்தேன், கோணேசு. நீ சோற்றை விட்டுவிட்டு எழும்பிப் போனாய். அன்றைக்குத்தான் கிணற்றடியில் உனக்குச் சத்தியம் பண்ணினேன். பிறகு தபாலில் சேர்ந்தபோது இரகசியம் காப்பேன் என்று கையெழுத்து வைத்தேனே, அது எனக்கு இரண்டாவது சத்தியம்.

தைரியமாக இரு. மருந்தை நேரத்துக்கு விடு.

உன்னையே நினைத்திருக்கும்,
புஷ்பம்


வெருகல்
22.01.2006

என் புஷ்பத்துக்கு,

பொங்கல் முடிந்து ஒரு கிழமை. நீ அனுப்பிய கண் மருந்து சரீப் நானாவின் ஐஸ் பெட்டிக்குள் மீனோடு மீனாக வந்து சேர்ந்தது. போத்தலைக் கழுவிக் கழுவியும் பாரை மணம் போகவில்லை. குளிரில் வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இங்கே குளிருக்கு எங்கே போவது? பானையில் ஈரமணல் நிரப்பி அதற்குள் புதைத்து வைத்திருக்கிறேன்.

இனி எழுதப்போவது உனக்கு மட்டும். வேறு ஒருவரிடமும் சொல்லமாட்டேன்.

எவ்வளவு மோசம் என்று இவருக்கு நான் சொல்லவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். கிணற்றுக்கு இருபத்தாறு அடி என்று எண்ணி வைத்திருக்கிறேன். குசினியில் உப்பு இடப்பக்கம், சீனி வலப்பக்கம். போன கிழமை குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். இவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இண்டைக்கு ஆத்து மீனுக்குக் கடல் ஞாபகம் வந்திட்டுது போல" என்றார். நானும் சிரித்தேன். பிறகு அலுமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். இவருக்குச் சொன்னால் எருமைகளை விற்றுவிட்டுக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போக நிற்பார். ஆமிக்காரரின் ஒவ்வொரு சோதனைச் சென்றியிலும் இவரை இறக்கி வைத்துக் கேள்வி கேட்பார்கள். அந்தக் குழுவின் பதில் வரட்டும் என்று இருக்கிறேன்.

வகுப்பில் கரும்பலகையின் நடுப்பகுதிதான் தெரிகிறது. ஓரத்தில் இருக்கும் பிள்ளைகள் இப்போது என்னிடம் அடி வாங்குவதே இல்லை. அவர்களுக்குச் சந்தோசம்.

பின்னேரங்களில் ஆற்றங்கரையில் இருந்து யோசிப்பேன். பதில் ஒரு விநாடியில் திருகோணமலைக்கு வந்துவிடும் என்கிறாய். அதற்குப் பிறகு லோஞ்ச், பஸ், சென்றி, இன்னொரு பஸ். உலகம் முழுவதையும் ஒரு விநாடியில் கடந்து வருவது, கடைசி முப்பது மைலுக்கு இரண்டு நாள் நிற்கிறது. சரி, இரண்டு நாள்தானே.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போடு.

உன்,
கோணேசு


அன்புவழிபுரம்
08.04.2006

கோணேசு! கோணேசு!

வந்துவிட்டது! இன்று ஹிஸ்புல்லா பெட்டியைத் திறந்ததும் தலைப்பில் உன் பெயர். வேறு ஒன்றையும் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அச்செடும் தம்பி."

"வாசிச்சுப் பாருங்கோவன் அக்கா. அவசரமோ என்னவோ."

"என்ர பேர் இல்லையே. எழுத்து உள்பக்கமா வர மடிச்சுத் தாரும்."

கடையிலேயே பசை வாங்கி ஒட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்த உலகத்தில ஈமெயிலுக்கு ஒட்டுப் போடுற ஒரே ஆள் நீங்கதான்" என்றார். வீட்டில் இவரும் அதையே சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

எனக்கும் அறிய ஆசைதான். கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஆனால் நல்ல செய்தியென்றால் அதை முதலில் அறிய வேண்டியவள் நீ. கெட்டதென்றால் உனக்கு முன் வேறு ஒருவர் அறிந்திருக்கக்கூடாது. திங்கட்கிழமை சரீப் நானா வருஷத்துக்கு முந்திய கடைசி லோஞ்சில் போகிறார். சித்திரை வருஷம் பிறக்கும்போது உன் கையில் இருக்கும்.

உன்,
புஷ்பம்


அன்புவழிபுரம்
22.04.2006

அன்புள்ள கோணேசு,

சந்தையில் குண்டு வெடித்த செய்தி கேள்விப்பட்டிருப்பாய். அதற்குப் பிறகு கடைகள் எரிந்தன. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். ஊரடங்கு போட்டு எடுத்து, போட்டு எடுத்து, இன்றுதான் வெளியே போக முடிந்தது. ஹிஸ்புல்லாவின் கடைக் கண்ணாடி உடைந்திருக்கிறது; கொம்பியூட்டரை மேசைக்குக் கீழே வைத்துத் திறந்தார்.

உன் பெயருக்கு இன்னுமொன்று வந்திருக்கிறது. அதையும் ஒட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் கடிதம் இன்னும் மூதூரில் சரீப் நானாவின் வீட்டில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். பஸ் ஓடவில்லையாம். இதையும் அங்கே சேர்ப்பித்துவிடுகிறேன். பாதை திறந்த அன்றே இரண்டும் ஒன்றாக வரும்.

கவனமாக இரு.

புஷ்பம்


வெருகல்
02.06.2006

அன்புள்ள புஷ்பம்,

மட்டக்களப்புக்குப் போகும் ஒரு ரீச்சரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அங்கே தபாலில் போடுவார். மாசி மாதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. திருகோணமலைச் செய்தியைக் கேட்டு எத்தனை நாள் நித்திரை கொள்ளாமல் இருந்தேன் தெரியுமா? நீ சுகமென்று சரீப் நானா யாரிடமோ சொல்லிவிட்டதுதான் ஆறுதல்.

இந்த வரிகள் நேராக இருக்கின்றனவா? இவர் ஒரு பலகையில் ஆணியடித்துக் குறுக்கே நூல் கட்டித் தந்திருக்கிறார். தாளை அதற்குக் கீழே செருகி நூலைத் தடவித் தடவி எழுதுகிறேன். ஓம், இவருக்குச் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஒரு நாள் எதிரே நின்ற இவரிடமே, "இவர் எங்க போயிட்டார்?" என்று கேட்டேன். அதற்கு மேல் என்ன சொல்ல?

இப்போது பப்பாசித் தண்டுக்குள்ளால் பார்ப்பது போலத்தான் உலகம். அதுவும் நாளுக்கு நாள் ஒடுங்குகிறது.

மே மாதம் ஒரு வெள்ளை வாகனம் கொடி கட்டிக்கொண்டு எங்கள் வீதியால் வந்தது. எல்லாப் பாதையும் பூட்டியிருந்த நாள். நான் வாசலுக்கு வந்து நின்றேன். நல்ல சேலையை உடுத்தேன் என்று சொன்னால் சிரிப்பாய், ஆனால் உடுத்தேன். வாகனம் நிற்கவில்லை. ஈச்சிலம்பற்றிலிருந்து இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனதாகப் பிறகு அறிந்தேன். என் பெயர் அந்த இருபத்தைந்துக்குள் விழவில்லை, அவ்வளவுதான். ஆரையும் குறை சொல்ல ஏலாது. கதிரவேல் அண்ணை விண்ணப்பமே போடாமல் போனவர். அவருக்கு என்னையும்விட மோசம். குறைந்தது நான் கேட்டுப் பார்த்தேன்.

ஒரு வரியாவது எழுது. இன்னும் கொஞ்ச நாளைக்கு என்னால் வாசிக்க முடியும். பெரிதாக எழுது.

உன்,
கோணேசு


அன்புவழிபுரம்
18.06.2006

கோணேசு,

உன் சுகத்தை விசாரித்துத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. இதைத் தனியே இருந்து வாசி. சிவபாதண்ணை பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து வாசி. பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

ஜூன் தொடக்கத்தில் சரீப் நானா வந்து, நான் சித்திரையில் கொடுத்த இரண்டு உறைகளையும் கையில் தந்தார். "பாத பூட்டுத் தங்கச்சி. எத்தின தரம் போய்ப் பாத்திட்டன்" என்றார். ஒட்டுப் பிரியாமல், ஒரு கசங்கலும் இல்லாமல் வைத்திருந்தார். நான் அவற்றை என் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். பாதை திறக்கட்டும் என்று நினைத்தேன். பூட்டும்போது மனதுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. இதை நீ அறிய வேண்டும். திருப்தியாக இருந்தது.

போன திங்கட்கிழமை சாம்பல்தீவுப் பாக்கியரத்தினம் அம்மா என் கவுண்டருக்கு வந்தார். ஆறு மாதமாகக் காசெடுக்கப் பெருவிரல் அடையாளம் வைத்தவர். நான் மைப் பெட்டியை நீட்டினேன்.

"மை வேண்டாம் பிள்ளை. பேனையைத் தா. நான் கையெழுத்து வைக்கிறதைப் பார்."

வைத்தார். கோட்டின் மேல் நேராக வைத்தார்.

"என்னம்மா, ஓப்பரேசனோ?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை. கண்ணில புரை விழுந்ததைக் கொழும்பில வெள்ளைக்காரர் எடுத்து விட்டவை. முதல் எனக்கு இடமில்லையெண்டிட்டினம். பிறகு வெருகல் பக்கத்து ரீச்சர் ஒராள் பதில் போடேல்லையாம். ரெண்டு தரம் கேட்டவையாம். அந்த இடம் எனக்கு வந்தது. மருமோனுக்குக் கந்தோரில கொம்பியூட்டரோடதானே வேலை. கண்ட உடன ஓமெண்டு அடிச்சு விட்டிட்டார். அந்த ரீச்சர், பாவம், என்ன நினைச்சு விட்டாவோ!"

அதற்குப் பிறகு அவருக்கு என்ன சொன்னேன், கவுண்டரை எப்படிப் பூட்டினேன் என்று எனக்குத் தெரியாது. வெயிலில் உள்துறைமுக வீதியில் குடையில்லாமல் நடந்துகொண்டிருந்தேன். ஹிஸ்புல்லா ஓடி வந்து கதிரை போட்டார்.

"தம்பி, சித்திரையில நீர் அச்செடுத்துத் தந்த ரெண்டு ஈமெயில். அதின்ர கொப்பி ஏதும் இருக்கோ?"

"கொப்பி என்னத்துக்கு அக்கா? அது பெட்டிக்குள்ளதான கிடக்கு."

"நான் கொண்டு போயிட்டனே."

"நீங்க கொண்டு போனது தாளை."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத் தலையில் யாரோ அடித்தது போல இருந்தது. கோணேசு, நான் இருபத்திரண்டு வருடமாகக் கடிதம் கையாளுகிறவள். ஒரு கடிதம் ஓர் இடத்தில்தான் இருக்கும். சரீப் நானா கையில் கொடுத்தால் அது என்னிடம் இல்லை. லோஞ்ச் நின்றபோது, பஸ் நின்றபோது, ஐயோ கடிதம் மூதூரில் நிற்கிறதே என்று பதறினேன். அது அவ்வளவு நாளும் என் கைக்கெட்டிய தூரத்தில், அந்த மேசைக்கு மேலே திறந்தபடி கிடந்தது. நான் ஒவ்வொரு சனியும் அதற்கு முன்னால் போய் இருந்திருக்கிறேன்.

திறக்கச் சொல்லி வாசித்தேன். சத்தியத்தை முறித்தேன், இனி அதில் என்ன இருக்கிறது. இருபத்தைந்து பேரில் உன் பெயர் ஒன்பதாவது. நிலைமை அவசரம் என்று பக்கத்தில் எழுதியிருந்தது. ஏப்ரல் இருபத்தெட்டுக்குள் ஓம் என்று ஒரு சொல்லில் பதில் அனுப்பினால் போதும். பாதைகள் பூட்டியிருந்தாலும் கவலைப்பட வேண்டாம், அனுமதி பெற்ற எங்கள் வாகனம் உங்கள் வீட்டு வாசலுக்கே வரும் என்று எழுதியிருந்தது. இரண்டாவது கடிதத்தில், உங்கள் பதில் இன்னும் கிடைக்கவில்லை, உங்களுக்காக இன்னும் ஆறு நாள் பார்த்திருக்கிறோம் என்று இருந்தது.

நீ நல்ல சேலை உடுத்து வாசலில் நின்றாய். அந்த வாகனம் உன் வாசலுக்கு வரவேண்டிய வாகனம்தான்.

கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தேன். ஈமெயில் திரும்பி வரவில்லை, ஆகவே உங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்று ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. கிடைத்தது. எனக்குக் கிடைத்தது. குழு நாட்டைவிட்டுப் போய்விட்டது. அடுத்த வருடம் வரலாமாம்.

ஆறு நாளாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஹிஸ்புல்லா வாசிக்கச் சொன்னார்தானே? இவரும் சிரித்தார்தானே? நான் ஏன் வாசிக்கவில்லை? உனக்காக என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால், அன்று சாப்பாட்டு மேசையில் சிரித்த அந்தப் பெட்டை நான் இல்லை என்று எனக்கே காட்டிக்கொள்ளத்தான் ஒட்டினேன். உன் கண்ணைவிட என் கை சுத்தமாக இருப்பது எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால் நீ தந்துவிடுவாய். மட்டக்களப்பு வழியாக உன்னைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி தேடிக்கொண்டிருக்கிறேன். நீ என்னோடு கதைக்க விரும்பாவிட்டாலும் அதற்கு மட்டும் ஓம் என்று எழுது.

இரண்டு உறையும் இன்னும் லாச்சியில் இருக்கின்றன. உடைக்கவில்லை. உடைக்க என்ன இருக்கிறது?

புஷ்பவதி


வாகரை
09.10.2006

மதிப்புக்குரிய தங்கச்சி புஷ்பவதிக்கு,

வெருகல் சிவபாதம் எழுதுவது. உங்களுக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தரம். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் மாதம் செல்லடிக்குள் ஆற்றைக் கடந்து இங்கே வந்தோம். கோணேசின் கையைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். எருமைகளை அவிழ்த்துவிட்டு வந்தோம். இப்போது ஒரு மரத்தின் கீழ் தறப்பாள் கட்டி இருக்கிறோம். அவளுக்கு இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்றுகூடத் தெரிவதில்லை.

உங்கள் கடிதம் ஜூலை கடைசியில் வெருகலில் கிடைத்தது. அப்போதே அவளால் வாசிக்க ஏலாது. நான்தான் வாசிக்க வேண்டும். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன். தடக்கினால் அவளுக்குக் கேட்கக் கஷ்டம் என்று எந்தக் கடிதத்தையும் முதலில் தனியே ஒரு தரம் வாசித்துப் பழகிக்கொள்வேன். தனியே இருந்து வாசி என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். தனியே இருந்து வாசித்தது நான்.

மூன்று நாள் அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். தன் பெயர் விழவில்லை என்றுதான் அவள் மனதைத் தேற்றி வைத்திருக்கிறாள். ஓப்பரேசன் போய்விட்டது. உங்களையும் நான் அவளிடமிருந்து எடுத்துவிட்டால் அவளுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆகையால் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் இல்லாததை வாசித்தேன். நீங்கள் சுகம் என்றும், ஈமெயில் ஒன்றும் வரவில்லை என்றும், எங்கள் எருமைகளை விசாரித்ததாகவும் வாசித்தேன். உங்களில் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் இனி எழுதும்போது நீங்களும் அப்படியே எழுதுங்கள். அவள் அறியத் தேவையில்லை.

இனி அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

புஷ்பம்,

நான் சொல்ல இவர் எழுதுகிறார். எப்படி இருக்கிறாய்? கடலுக்குக் கிட்ட இருக்கிறோம். அலைச் சத்தத்தை வைத்துத்தான் திசை கண்டுபிடிக்கிறேன்.

உன் கடிதத்தை இவர் வாசித்து முடித்த பிறகு அதைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துத் தடவிப் பார்த்தேன். நாலு தாள். இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறாய். பேனையை எவ்வளவு அழுத்தியிருக்கிறாய் என்று விரலுக்குத் தெரிகிறது. இவர் வாசித்தது ஒரு தாளுக்கும் காணாது. அதோடு நீ எருமை சுகமோ என்று கேட்டாயாம். நீ கேட்கமாட்டாய், புஷ்பம். அன்று அந்த மேசையில் சிரித்ததற்குப் பிறகு இருபத்தேழு வருடமாக நீ ஒரு தரமும் எருமையை விசாரித்ததில்லை.

எழுதுங்கோ. ஏன் நிப்பாட்டினீங்கள்? நான் சொல்லுறதை அப்பிடியே எழுதுங்கோ.

மற்றதில் என்ன இருக்கிறது என்று இவரிடம் நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். வாகனம் நிற்காமல் போன நாளிலிருந்து எனக்குள் ஒன்று கிடந்து உழல்கிறது. நல்லதென்றால் இவர் மறைக்கமாட்டார். ஆனால் அது எனக்கு எழுதியது. எனக்கு எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்க நான் இனி ஆயுள் முழுக்கப் பழக வேண்டும். அதற்குத் தப்பி இந்த ஒன்றாவது இருக்கட்டும்.

அதை ஓர் உறையில் போட்டு ஒட்டச் சொல்லியிருக்கிறேன். பாதை திறந்தால் வா. வந்து நீயே உடைத்து, எனக்கு முன்னால் இருந்து, நாலு தாளையும் வாசி. அதுவரைக்கும் நீ என் புஷ்பம்தான். வாசித்த பிறகு எப்படியோ, எனக்குத் தெரியாது.

கோணேசு

தங்கச்சி, மேலே நான் எழுதியதைக் கிழித்துவிட நினைத்தேன். இங்கே வேறு தாள் இல்லை. ஆனபடியால் எல்லாம் சேர்ந்தே வருகிறது. இதைச் செஞ்சிலுவைக்காரரிடம் திறந்தபடிதான் கொடுக்க வேண்டுமாம். எத்தனை பேர் வாசிப்பார்களோ.

உங்கள் கடிதத்தை ஒட்டியாகிவிட்டது. பசை இல்லை. மத்தியானக் கஞ்சியில் தன் பங்கிலிருந்து நாலு பருக்கையை எடுத்து அவளே தேய்த்துத் தந்தாள்.

க. சிவபாதம்